புரையேறிய கடலையும் பிராங்கோஸ்கோப்பும்



சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். நாலு இருமலில் சரியாகிவிடும். நினைத்தது யார் என்று சிரித்துக்கொண்டே அடுத்த கவளத்தை எடுப்போம். ஆனால் புரையேறியது இரண்டு வயதுக் குழந்தைக்கு, அதன் வாயில் இருந்தது வேர்க்கடலை என்றால், அது சிரித்து விட்டுவிடக்கூடிய விஷயமில்லை.

வியாபாரிகள் இதழில் வைத்தியக் கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அந்தக் கடலையை அளந்து கொடுத்தது நாம்தானே? குழந்தையின் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும் பொருட்களின் பட்டியலை டாக்டர்களிடம் கேட்டால், அது நம் கடையின் சரக்குப் பட்டியலைப் போலவே இருக்கும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, பாக்குத் துண்டு, புளியங்கொட்டை, சீதாப்பழ விதை, சப்போட்டா விதை, பேனா மூடி, குண்டூசி, பித்தான், பொம்மையிலிருந்து கழன்று விழும் சிறு எல்.இ.டி. விளக்கு. இவற்றில் பாதிக்கு மேல் நம் ஒவ்வொருவர் கடையிலும் உண்டு. ஆகவே இது நம் தொழிலைத் தொட்ட விஷயம்தான்.

எப்படிப் போய் அடைக்கிறது?

தொண்டைக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று உணவுக்குழாய், மற்றொன்று மூச்சுக்குழாய். விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாயின் வாயைக் குரல்வளை மூடி மூடிக்கொள்கிறது. சிரிக்கும்போதும், ஓடும்போதும், அழும்போதும் திடீரென்று மூச்சை உள்ளே இழுத்தால், வாயில் இருக்கும் பொருள் வழி மாறிப் போய்விடும்.

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கியதும் வலது, இடது என இரண்டு கிளையாகப் பிரிகிறது. வலது கிளை சற்று அகலமானது. அதிகம் சாயாமல் நேராக இறங்குவது. அதனால் பெரியவர்களுக்கு உள்ளே விழும் பொருள் பெரும்பாலும் வலது பக்கமே போய்ச் சேரும். சிறு குழந்தைகளுக்கு இரு பக்கமும் போகலாம்.

ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். கடலையை அரைத்து மெல்லக் கடைவாய்ப் பற்கள் அந்த வயதில் சரியாக முளைத்திருக்காது. மூச்சுக்குழாயும் மிகக் குறுகலாக இருக்கும். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

நம் பகுதியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை எத்தனையோ வீடுகளில் குடிசைத் தொழிலாக நடக்கிறது. தாய் புளி தட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் கொட்டைக் குவியலில் கை வைத்துக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். மானாவாரிக் கடலை அறுவடைக் காலத்தில் வீட்டுத் திண்ணையெல்லாம் கடலைக்காய்தான். கார்த்திகை மாதம் பெங்களூர் பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய்ப் பரிஷைக்கு நம் எல்லைப் பகுதியிலிருந்தும் மூட்டை போகிறது. இத்தனை சரக்கு நடுவே குழந்தைகள் வளர்கிறார்கள்.

சத்தம் அடங்கினால் ஆபத்து நீங்கியதா?

எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கடலை மூச்சுக்குழாய்க்குள் போனதும் குழந்தை பலமாக இருமும், திணறும், முகம் சிவக்கும், சில சமயம் நீலம் பாயும். பொருள் பெரிதாக இருந்து மேலேயே முழுவதும் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. பொருள் சிறிதாக இருந்தால் அது இன்னும் கீழே இறங்கி ஒரு பக்கக் கிளையில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது இருமல் அடங்கிவிடும். குழந்தை மறுபடி விளையாடப் போய்விடும். "கடலை வயிற்றுக்குள் போயிருக்கும், நாளைக்கு வெளியே வந்துவிடும்" என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

இந்த அமைதிதான் ஏமாற்றுவது. கடலை ஈரத்தில் ஊறி உப்புகிறது. அதன் எண்ணெய்ப் பசை மூச்சுக்குழாயின் மெல்லிய சவ்வைப் புண்ணாக்கி வீங்க வைக்கிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், சளி, ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசில் போன்ற இழுப்பு எல்லாம் தொடங்கும். டாக்டர் மருந்து கொடுப்பார், குறையும். மருந்து முடிந்ததும் திரும்ப வரும். புரையேறிய சம்பவத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்.

எக்ஸ்ரேயில் தெரியாதா என்று கேட்கலாம். ஊசியும் காசும் தெரியும். கடலையும் பாக்கும் புளியங்கொட்டையும் பொதுவாகத் தெரிவதில்லை. ஒரு பக்க நுரையீரல் காற்றுப் பிடித்து உப்பியிருப்பது போன்ற மறைமுக அடையாளங்கள்தான் தெரியும். சில சமயம் அதுவும் இராது. ஆகவே எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதற்காக விஷயத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. திடீரென்று புரையேறித் திணறியது என்ற ஒரு தகவலே டாக்டருக்குப் பெரிய துப்பு. அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

உள்ளே எட்டிப் பார்க்கும் கருவி

இப்படிச் சிக்கியதைக் கண்டுபிடிக்கவும் எடுக்கவும் உள்ள கருவிக்குப் பெயர் பிராங்கோஸ்கோப். மூச்சுக்குழாய்க்குள் விட்டுக் கண்ணால் பார்க்கும் குழல் அது. அதன் கதை சுவையானது.

1897 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர், 63 வயது விவசாயி ஒருவரின் வலது மூச்சுக்கிளையில் சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை, வாய் வழியாக ஒரு உலோகக் குழலை விட்டு வெளியே எடுத்தார். நெஞ்சைக் கிழிக்கவில்லை, கழுத்தையும் அறுக்கவில்லை. உணவுக்குழாயைப் பார்ப்பதற்கென்று இருந்த குழலைத்தான் அவர் இதற்குப் பயன்படுத்தினார். அன்றிலிருந்து இந்த வைத்தியத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

அடுத்தவர் அமெரிக்காவின் ஷெவாலியர் ஜாக்சன் (1865–1958). வியாபாரிகளாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர். மூச்சுக்குழாயிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் எடுத்த பொருட்களை அவர் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தினார். பித்தான், ஊசி, கொட்டை, காசு, பொம்மைத் துண்டு என்று 2,374 பொருட்கள் பிலடெல்பியா நகரின் மியூட்டர் மியூசியத்தில் இருக்கின்றன. ஏதோ பழைய பல்பொருள் கடையின் இருப்புக் கணக்கு மாதிரி இருக்கும்.

அவர் செய்த இன்னொரு காரியம் நம் தொழிலையே தொடுகிறது. அந்நாளில் அமெரிக்க மளிகைக் கடைகளில் துணி வெளுக்கவும் வீடு கழுவவும் காரச் சோடா எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விற்கப்பட்டது. சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டு உணவுக்குழாய் வெந்து போனார்கள். டப்பாவின் மேல் 'விஷம்' என்று அச்சிட வேண்டும் என ஜாக்சன் பல ஆண்டுகள் போராடினார். 1927-இல் அமெரிக்காவில் அதற்குச் சட்டமே வந்தது. ஒரு டாக்டர் தன் அறையில் காப்பாற்றிய குழந்தைகளைவிட, கடை அலமாரியில் ஒட்டிய சீட்டு காப்பாற்றியது அதிகமாக இருக்கக்கூடும். நம்மில் சிலர் ஆசிட்டையும் பினாயிலையும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்போம்.

கில்லியனும் ஜாக்சனும் பயன்படுத்தியது வளையாத உலோகக் குழல். வளைந்து கொடுக்கும் குழல் வருவதற்கு ஒளியை வளைத்துக் கொண்டு போகும் வழி தெரிய வேண்டியிருந்தது. அதில் நம் நாட்டவருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கொண்டு செல்லலாம் என்று 1954-இல் வெளியிட்டார். அந்த வழியைப் பின்பற்றி 1966-இல் ஜப்பானின் ஷிகேட்டோ இகேடா வளையும் பிராங்கோஸ்கோப்பை உருவாக்கிக் காட்டினார். இன்றைய கருவிகளில் நுனியிலேயே சிறு கேமரா இருக்கிறது. டாக்டர் டி.வி. திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்.

எப்படிச் செய்கிறார்கள்?

குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கிய பொருளை எடுக்கப் பெரும்பாலும் வளையாத உலோகக் குழல்தான் உதவுகிறது. குழந்தைக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். அதே குழல் வழியாகக் காற்றும் செலுத்திக்கொண்டு, நீளமான மெல்லிய இடுக்கியால் பொருளைப் பிடித்து எடுப்பார்கள். நல்ல கைகளில் இது பல சமயம் சில நிமிட வேலைதான். ஆனால் கடலை ஊறிப் போயிருந்தால் இடுக்கியில் நொறுங்கும், வீங்கிய சவ்வில் ரத்தம் கசியும், வேலை கடினமாகிவிடும். ஆகவேதான் நாள் கடத்தக் கூடாது என்கிறோம்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வளையும் குழல். கனம் ஏறக்குறைய ஒரு பென்சில் அளவு, சில சமயம் அதைவிடக் குறைவு. மூக்கு அல்லது வாய் வழியாக விடுவார்கள். அதற்கு முன் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, தூக்கம் வரும் ஊசியும் போடுவதுண்டு. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும்போது சில மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். ரத்தம் இளகுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பரிசோதனை அரை மணிக்குள் முடிந்துவிடுவது வழக்கம். தொண்டை மரத்துப் போயிருக்கும்போது எதையும் குடித்தால் மறுபடி புரையேறும். எனவே உணர்ச்சி திரும்பும் வரை தண்ணீர்கூடத் தர மாட்டார்கள்.

இந்தக் குழல் வழியாகப் பல வேலைகள் நடக்கின்றன. சந்தேகமான இடத்தில் அரிசி மணி அளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பலாம். உப்பு நீரை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்து, காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டிச் சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரலைச் சுத்தம் செய்து விரிய வைக்கலாம். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். குழாயைக் கட்டி நெருக்கினால் அதைக் கருக்கி வழி ஏற்படுத்தவோ, உள்ளே ஸ்டென்ட் வைத்து வழியைத் திறந்து வைக்கவோ செய்யலாம். ஆக இது சோதனையும் வைத்தியமும் சேர்ந்த கருவி.

ஆபத்தே இல்லையா? உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தொண்டைக் கரகரப்பும் ஒரு நாள் காய்ச்சலும் சிலருக்கு வரும். ஆக்சிஜன் குறையலாம். சதை எடுத்த இடத்தில் ரத்தம் கசியலாம். மிகச் சிலருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசியும். அதனால்தான் எல்லா வசதியும் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும் இதைச் செய்கிறார்கள். எல்லா இருமலுக்கும் இது தேவைப்படுவதுமில்லை. ஆஸ்துமாவுக்கு ஊதிப் பார்க்கும் பரிசோதனையே முதலில் போதும். சளிப் பரிசோதனையிலேயே காசநோய் தெரிந்துவிட்டால் குழல் விட வேண்டியதில்லை.

கல்லாவுக்கு எதிரே நிற்கும் இருமல்

குழந்தைகளைப் பற்றிச் சொன்னோம். பெரியவர்கள் விஷயத்தில் நமக்கு இன்னொரு பொறுப்பு இருக்கிறது. இருமல் வந்தவன் முதலில் போவது டாக்டரிடமா? இல்லை. நம் கடைக்குத்தான் வருகிறான். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இருமல் மிட்டாய், சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று வாங்கிப் போகிறான். மூன்று நாள் இருமலுக்கு அது சரி. அதே ஆள் மூன்றாவது வாரமும் அதையே வாங்கினால்?

ஓசூர் சிப்காட் பகுதியில் ஷிப்டு வேலை செய்கிறவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருப்பவர்கள், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் கல் தூசியை விழுங்குகிறவர்கள் என நம் வாடிக்கைக்காரர்கள் பலரும் இப்படிப்பட்டவர்கள்தான். நாமும் விலக்கல்ல. மிளகாய் மண்டியில் நெடி, மாவு மில்லில் மாவுத் தூசி, மஞ்சள் தூள், சாக்குத் தூசி என்று ஆயுள் முழுவதும் சுவாசிக்கிறோம். "தும்மல் நமக்குப் பழகிப் போச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அரசின் காசநோய்த் திட்டம் சொல்லும் விதி. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் ரத்தம் வந்தாலும், குரல் கம்மியே இருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், ஒரே இடத்தில் நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலும் நெஞ்சு டாக்டரைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்த பிறகு அவசியப்பட்டால் அவரே பிராங்கோஸ்கோப்பிக்கு எழுதுவார். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது. நுரையீரல் புற்று சீக்கிரம் தெரிந்தால் வழி உண்டு. தாமதமானால் வழி குறுகிவிடும்.

எங்கே போவது?

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இருக்காது. பெரியவர்களுக்கான குழல் இருக்கிற இடத்தில்கூடக் குழந்தைக்கான சிறிய குழலும், குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டரும் இல்லாமல் போகலாம். "குழந்தைக்கு மூச்சுக்குழாயில் பொருள் சிக்கியதாகச் சந்தேகம், எடுக்கும் வசதி இப்போது உண்டா?" என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. 108 ஆம்புலன்ஸ் எல்லைக்கு இரு பக்கமும் அதே எண்தான்.

கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. தருமபுரியிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உள்ளன. வேலூர் சி.எம்.சி. நமக்குப் பழகிய இடம். நெஞ்சு நோய்க்கென்றே 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1937 முதல் அரசு ஆஸ்பத்திரியாக நடக்கிறது. ஓசூர்க்காரர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே நெஞ்சு நோய்க்கு ராஜீவ் காந்தி நிறுவனமும், குழந்தைகளுக்கு இந்திரா காந்தி நிறுவனமும் கர்நாடக அரசு சார்ந்தவை. கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது.

நம்மில் எத்தனை பேருக்குக் காப்பீட்டு அட்டை அத்திபள்ளி தாண்டினால் செல்லுமா என்று தெரியும்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்தெந்த ஆஸ்பத்திரியில் எந்தெந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது விசாரிக்க நேரம் இராது.

கடையில் நாம் செய்யக்கூடியவை

ஒன்று: சிறு குழந்தையைக் கூட்டி வந்தவர் கடலை கேட்டால், "முழுசாக் கொடுக்காதீங்கம்மா, பொடிச்சுக் கொடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுவோம். ஐந்து வயது வரை முழுக் கடலை, பொட்டுக்கடலை, பாக்கு வேண்டாம் என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. கடைக்கு வந்த குழந்தையின் கையில் அன்பாகக் கொடுக்கும் நாலு கடலையையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு: தின்பண்டப் பாக்கெட்டுக்குள்ளேயே பொம்மை போட்ட சரக்கை எடுக்காதீர்கள். 2017-இல் ஆந்திராவின் ஏலூரில் அப்படி ஒரு பொம்மையை விழுங்கி நாலு வயதுச் சிறுவன் இறந்தான். அதன் பிறகு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கண்டித்து அறிவுறுத்தியது.

மூன்று: பேனா வாங்கும்போது மூடியின் நுனியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் காற்று போகட்டும் என்றுதான் அந்தத் துளையை வைக்கிறார்கள். அது சர்வதேசத் தரத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

நான்கு: ஆசிட், பினாயில், காரச் சோடா எதையும் குடிக்கும் பாட்டிலில் ஊற்றித் தராதீர்கள். பித்தான் பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும்.

ஐந்து: 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003 சட்டம். லாபம் சில ரூபாய். போவது ஒரு பையனின் நுரையீரல்.

ஆறு: கடையிலேயே யாருக்காவது புரையேறினால், பலமாக இருமிக்கொண்டிருக்கும் வரை இருமவிடுங்கள். தண்ணீர், வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் கொடுக்காதீர்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் உள்ளே போகும். இருமலும் குரலும் வராமல் திணறினால், முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் உள்ளங்கையால் ஐந்து தடவை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே கை முட்டியால் உள்ளும் மேலுமாக ஐந்து தடவை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட சிசுவுக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நடு நெஞ்சில் ஐந்து அழுத்தம். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். பொருள் வெளியே வந்துவிட்டாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சங்கக் கூட்டத்தில் இந்த முதலுதவியை ஒரு டாக்டரை அழைத்துச் செய்து காட்டச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். கடைப் பையன்களையும் அழைத்து வாருங்கள். கடையில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான்.

எடை குறையாமல் கொடுப்பது நம் தொழில் தர்மம். கடலையோடு அந்த ஒரு எச்சரிக்கை வார்த்தையும், மூன்றாவது வாரமும் இருமல் மிட்டாய் கேட்கிறவரிடம் "ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டுங்க அண்ணே" என்ற ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தால் தராசு ஒன்றும் தாழ்ந்துவிடாது. நம்மிடம் கணக்கு வைத்து வாங்கும் குடும்பங்கள் நலமாக இருந்தால்தான் நம் கணக்கும் நடக்கும்.